தம்பிக்காக 999-ஐ அழைக்கலாமா, மனுவில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: டாக்டர், நான் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு பிபிஆர் (அரசாங்க மக்கள் வீடமைப்பு) பிளாட்டில் அம்மாவுடனும் தம்பியுடனும் இருக்கிறேன். தம்பிக்கு 34 வயது. ஹெராயின் பழக்கம். கோர்ட் உத்தரவில் புஸ்பெனில் (அரசாங்கப் போதை மறுவாழ்வு மையத்தில்) இருந்துவிட்டு போன மாதம்தான் வீட்டுக்கு வந்தான். வந்த பத்தாவது நாள் குளியலறையில் விழுந்து கிடந்தான். உதடு கறுத்துப்போய், குறட்டை மாதிரி ஒரு சத்தம். கூட வந்த கூட்டாளி ஓடிவிட்டான். 999-க்கு அடிக்கப் போனேன், பக்கத்து வீட்டு மாமா 'வேண்டாம்மா, போலீஸ் வந்தால் திரும்ப உள்ளே தூக்கிப் போட்டுவிடும்' என்று தடுத்தார். தண்ணீர் ஊற்றினோம், எலுமிச்சை பிழிந்து வாயில் விட்டோம், கடைசியில் கிராப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பிழைத்துவிட்டான். மறுபடி இப்படி ஆனால் நான் என்ன செய்வது? இப்போது பிளாட்டில் ஒரு மனு வேறு சுற்றுகிறது. பக்கத்துக் கிளினிக்கில் மெத்தடோன் (ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் மருந்து) கொடுப்பதை நிறுத்த வேண்டும், பின்சந்தில் போதையோடு இருப்பவர்களை டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர மன்றம்) விரட்ட வேண்டும் என்று. கையெழுத்துப் போடலாமா? அம்மாவோ ஒரு கல்யாணம் பண்ணி வைத்தால் திருந்திவிடுவான் என்கிறார்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

நேராகவே சொல்லிவிடுகிறேன். 999-ஐ அழையுங்கள், யார் தடுத்தாலும் அழையுங்கள். மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டுக்கும் என்னிடம் இருப்பது ஒரே காரணம்: மூச்சு நிற்கும் நேரத்தில் உதவி கேட்கவும், பிழைத்த பிறகு மருந்து கேட்டு வரவும் ஆட்கள் பயந்தால், அந்த ஊரில் இந்தச் சாவுகள் குறையவே குறையாது. உங்கள் பக்கத்து வீட்டு மாமா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர் பார்த்த உலகத்தை வைத்துச் சொன்னார். ஆனால் அவர் தடுத்தபோது கடந்துபோன அந்தச் சில நிமிடங்கள் எவ்வளவு விலை உள்ளவை என்று அவருக்குத் தெரியாது.

அன்று உங்கள் தம்பிக்கு என்ன நடந்தது என்பதிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் இது புரியாமல்தான் பல வீடுகளில் பிள்ளையைத் திட்டியே காலத்தைக் கழிக்கிறார்கள். ஹெராயின் மூளையில் மூச்சை நடத்தும் பகுதியை மந்தமாக்கும். தினமும் எடுப்பவரின் உடம்பு மெல்ல மெல்ல அதற்குப் பழகிக்கொள்கிறது, அதனால்தான் அளவு ஏறிக்கொண்டே போகிறது. உள்ளே இருந்த காலத்தில் அந்தப் பழக்கம் முழுவதும் போய்விடும். ஆசை மட்டும் போகாது. வெளியே வந்தவர் கை பழைய அளவையே எடுக்கும், உடம்போ புதிதாகத் தொடங்குபவனின் உடம்பு. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலச் சிறைகளில் இருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, முதல் 2 வாரங்களில் அவர்கள் அளவு மீறிய போதையால் இறக்கும் ஆபத்து பொதுமக்களைவிட 129 மடங்கு என்று கண்டது. உங்கள் தம்பி விழுந்தது பத்தாவது நாள். அவர் திமிரில் செய்தார், உங்களை அவமானப்படுத்தச் செய்தார் என்றெல்லாம் சொந்தக்காரர்கள் பேசினால் இதைச் சொல்லுங்கள். அந்த 2 வாரம் ஆபத்தானது என்று அவரை அனுப்பி வைத்தவர்கள் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அது அவர்கள் கடமை.

சரி, மறுபடி நடந்தால் என்ன செய்வது?

முதலில் உரக்கக் கூப்பிடுங்கள், நெஞ்சுக்கு நடுவில் உள்ள எலும்பில் விரல் முட்டியை வைத்து அழுத்தித் தேயுங்கள். அதற்கும் எழவில்லை, மூச்சு மெதுவாக இருக்கிறது அல்லது இல்லை, தொண்டையில் கரகரவென்று சத்தம் வருகிறது, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறது என்றால் அது தூக்கம் இல்லை. உதடு நீலமாகும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள், நம்மைப் போன்ற கறுத்த தோலில் அது சாம்பல் பூத்த மாதிரித்தான் தெரியும், ஆகவே உதட்டின் உட்பக்கத்தையும் நகத்தையும் பாருங்கள். அந்தக் குறட்டையை 'நல்லாத் தூங்குறான்' என்று நினைத்து விட்டுவிட்டு காலையில் எழுப்பப் போன குடும்பங்கள் உண்டு, அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உடனே 999. ஆம்புலன்ஸ் வேண்டும், ஆள் எழவில்லை, மூச்சு சரியாக இல்லை என்று சொல்லுங்கள், பிளாக் எண், மாடி, லிஃப்ட் வேலை செய்கிறதா என்பதையும் சொல்லுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவரைத் தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள், தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, 5 விநாடிக்கு ஒரு தடவை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், நெஞ்சு எழுகிறதா என்று பாருங்கள். இந்த வகை மயக்கத்தில் முதலில் போவது மூச்சுத்தான், இதயம் அதற்குப் பிறகுதான் நிற்கும், ஆகவே நீங்கள் ஊதும் காற்றே ஆம்புலன்ஸ் வரும்வரை அவரைப் பிடித்து வைத்திருக்கும். மூச்சும் நாடியும் அறவே இல்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும், போனில் இருப்பவர் சொல்லச் சொல்லச் செய்யுங்கள். மூச்சு திரும்பிவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி வந்தாலும் மூச்சுக்குழலுக்குள் போகாது. எலுமிச்சை, பால், உப்புத் தண்ணீர் எதுவும் வாயில் விடாதீர்கள், விழுங்க முடியாதவர் வாயில் விட்டது நுரையீரலுக்குத்தான் போகும். ஷவரில் நிறுத்தவும் வேண்டாம். அன்று நீங்கள் தெரிந்ததைச் செய்தீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்த்தீர்கள், அதுதான் அவரைக் காப்பாற்றியது. ஆனால் கிராப் காரில் மூச்சு கொடுக்க ஆள் இல்லை, ஆம்புலன்ஸில் இருக்கிறார்கள்.

வந்தவர்களிடம் என்ன எடுத்தார் என்று மறைக்காமல் சொல்லுங்கள். கூடவே தூக்க மாத்திரையோ மதுவோ எடுத்தாரா என்பதையும் சொல்லுங்கள், ஹெராயினோடு எரிமின் மாதிரி தூக்க மாத்திரையைச் சேர்த்துப் போடுவதுதான் பலரைக் கொல்கிறது. சியாபுவாக (மெத்தம்ஃபெட்டமின்) இருந்தால் கதை வேறு, அதில் உடம்பு கொதிக்கும், நெஞ்சு வலிக்கும், பயமும் சந்தேகமும் தலைக்கேறும். அதற்கும் 999தான்.

போலீஸ் விஷயத்தில் உங்களுக்குப் பொய்யான ஆறுதல் சொல்ல மாட்டேன். 1952-ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 15-ஆம் பிரிவில், போதைப்பொருளைத் தனக்கு ஏற்றிக்கொள்வதே குற்றம், 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. புஸ்பெனுக்குப் பிறகு ஏஏடிகே (தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனம்) கண்காணிப்பில் இருப்பவர் நிபந்தனையை மீறினால் அதற்கும் தண்டனை உண்டு. மயங்கிக் கிடப்பவரையும் அவருக்காக உதவி கேட்டு அழைப்பவரையும் வழக்கிலிருந்து காக்கும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. கனடா 2017-ல் அப்படி ஒன்று கொண்டுவந்தது, அழைப்பவர் மீது கைவசம் வைத்திருந்த குற்றத்துக்கு வழக்குப் போடுவதில்லை என்று. இங்கே அது இல்லாததால்தான் அந்தக் கூட்டாளி ஓடினான். அவன் மேல் உங்களுக்குக் கோபம் இருக்கும், எனக்கு அந்தக் கோபம் சட்டத்தின் மேல் இருக்கிறது. ஆனாலும் அழையுங்கள் என்றே சொல்கிறேன். வழக்கு வந்தால் அதற்கு வக்கீல் இருக்கிறார், சட்ட உதவி இருக்கிறது, நானும் உங்கள் தம்பி சிகிச்சையில் இருக்கிறார் என்று கடிதம் எழுதித் தர முடியும். நின்றுபோன மூச்சுக்கு நான் எந்தக் கடிதமும் எழுத முடியாது.

ஆஸ்பத்திரியில் அவருக்கு நாலொக்சோன் ஊசி போட்டிருப்பார்கள். மூளையில் ஹெராயின் ஒட்டியிருக்கும் இடங்களிலிருந்து அதைத் தள்ளிவிட்டு மூச்சைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து. போதை தராது, ஹெராயின் எடுக்காதவருக்குப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அதன் வேலை 30 முதல் 90 நிமிடம்தான், உள்ளே இருக்கும் போதை அதைவிட நீடிக்கலாம், அதனால் 'கண் முழிச்சாச்சு, வீட்டுக்குப் போறேன்' என்று அவர் எழுந்து நடந்தால் விடாதீர்கள். இந்த மருந்தைக் குடும்பத்தார், நண்பர்கள் என்று பக்கத்தில் இருக்கக்கூடிய எல்லார் கையிலும் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-லேயே சொல்லிவிட்டது. பல நாட்டு நகரங்களில் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாக நூலகத்தில்கூடக் கிடைக்கிறது. இங்கே அது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கதவுக்குள்ளேயே இருக்கிறது. செந்தூல் பிளாட்டில் ஒரு அக்காவின் கைப்பையில் அது இருக்க வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன், இதை எந்தக் கூட்டத்திலும் எழுந்து சொல்வேன்.

இப்போது மனு.

அதில் கையெழுத்துப் போட்ட உங்கள் அண்டை அயலாரை நான் குறை சொல்ல மாட்டேன். படிக்கட்டில் ஊசி கிடந்தால் பிள்ளை மிதிக்கும், மோட்டார் பேட்டரி காணாமல் போனால் மறுநாள் வேலைக்குப் போக முடியாது, இதெல்லாம் உண்மையான கஷ்டம். ஆனால் அந்த மனு கேட்பது இந்தக் கஷ்டத்தைக் குறைக்காது, கூட்டும். காலையில் கிளினிக் வாசலில் வரிசையில் நிற்பவர்கள் யார்? அன்றைய மெத்தடோனை மருந்தாளர் முன்னால் குடித்துவிட்டு லோரிக்கும் கடைக்கும் காவல் வேலைக்கும் போகிறவர்கள். ஒரு வேளை மருந்தில் ஒரு நாள் முழுக்க உடம்பு முறுக்காமல், நடுங்காமல், ஹெராயின் தேடி அலையாமல் இருக்க முடிகிறது என்பதுதான் அதன் பயன். கிளினிக்கைத் தூரத்துக்குத் துரத்தினால் அதிகாலையில் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், பாதிப் பேர் விட்டுவிடுவார்கள், விட்டவர்கள் அதே பின்சந்துக்கு வருவார்கள். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2017-ல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது: மெத்தடோன் எடுத்துக்கொண்டிருக்கும்போது 1,000 பேரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 பேர் இறக்கிறார்கள், நிறுத்தியவர்களில் 36 பேர். அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு இந்த இரண்டு எண்ணும் தெரிய வேண்டும்.

நம் நாடே இதைக் கற்றுக்கொண்ட வரலாறு இருக்கிறது. 2002-ல் மலேசியாவில் ஏறக்குறைய 7,000 பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது, பெரும்பாலோருக்கு ஊசியைப் பகிர்ந்துகொண்டதால் வந்தது. 2005-ல் மெத்தடோனும், 2006-ல் கோலாலம்பூர், பினாங்கு, ஜொகூர் பாருவில் ஊசி மாற்றும் திட்டமும் தொடங்கியபோது எதிர்ப்பு கொஞ்சநஞ்சம் இல்லை. 2010-ல் கோலாலம்பூரில் அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே மெத்தடோன் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு வழிபாட்டுத் தலம் கதவைத் திறந்துவிட்டது என்பதை நான் பெரிய விஷயமாகவே பார்க்கிறேன், நம் கோயில் நிர்வாகங்களும் இதை யோசிக்க வேண்டும், அன்னதானக் கூடம் காலையில் காலியாகத்தானே இருக்கிறது. இன்று புதிய எச்.ஐ.வி. தொற்றுகளில் ஊசி வழி வருவது மிகச் சிறிய பங்கு. பழைய ஊசியைக் கொண்டுவந்து கொடுத்தால் புதியது என்பதுதான் அந்தத் திட்டத்தின் முறை, அதாவது உங்கள் படிக்கட்டில் கிடக்கும் ஊசியைப் பொறுக்க ஆள் வைத்திருக்கும் திட்டமும் அதுதான்.

விரட்டுவதைப் பற்றி சுவிட்சர்லாந்தின் ஸூரிக் நகரத்தார் நிறையச் சொல்வார்கள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள பிளாட்ஸ்பிட்ஸ் பூங்காவில் நூற்றுக்கணக்கானவர்கள் பட்டப்பகலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள், 1992 பிப்ரவரியில் நகர நிர்வாகம் பூங்காவைப் பூட்டியது. கூட்டம் அக்கம்பக்கத் தெருக்களில் சிதறி, கடைசியில் கைவிடப்பட்ட லெட்டன் ரயில் நிலையத்தில் போய்ச் சேர்ந்தது. 1995-ல் அதையும் மூடினார்கள், இந்தத் தடவை அது நின்றது. இடைப்பட்ட மூன்று ஆண்டில் மெத்தடோன் இடங்கள் பெருகியிருந்தன, படுக்க இடம் இருந்தது, வேறு எந்தச் சிகிச்சையும் பலிக்காதவர்களுக்கு மருத்துவர் முன்னிலையில் ஹெராயினே கொடுக்கும் சிகிச்சைகூட 1994-ல் தொடங்கியிருந்தது. போலீஸ் இரண்டு தடவையும் ஒரே போலீஸ்தான். போவதற்கு ஒரு இடம் இருந்ததுதான் வித்தியாசம். செந்தூல் பின்சந்தைக் காலி செய்தால் சௌக்கிட்டில் கூட்டம் கூடும், அங்கே விரட்டினால் திரும்ப உங்கள் பிளாட்டுக்குக் கீழே வரும்.

கையெழுத்துப் போடாதீர்கள் என்றேன், சும்மா இருங்கள் என்று சொல்லவில்லை. ருக்குன் தெத்தாங்கா (அண்டை அயலார் சங்கம்) கூட்டத்துக்குப் போங்கள். பின்சந்துக்கு விளக்கு, ஊசி போட மூடிய பெட்டி, அதை ஒழுங்காக எடுத்துப் போகும் ஆள், நகராண்மைத் துப்புரவுப் பணியாளருக்கும் ஜாலான் பகாங்கில் வீடற்றோர் தங்கும் இடத்துப் பணியாளருக்கும் மயங்கிக் கிடப்பவருக்கு மூச்சு கொடுக்கும் பயிற்சி, இதெல்லாம் டிபிகேஎல் செய்யக்கூடியவை, கேளுங்கள். கிளினிக் வரிசை நடைபாதையை அடைக்கிறது என்றால் மருந்து கொடுக்கும் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள், அது நியாயமான கோரிக்கை. வீட்டில் வைத்துக்கொள்ள நாலொக்சோன் சுகாதார அமைச்சின் கையில், அழைப்பவரைக் காக்கும் சட்டம் நாடாளுமன்றத்தின் கையில், இந்த இரண்டையும் டத்தோ பண்டாரிடம் (மாநகரத் தலைவரிடம்) கேட்டுப் பயனில்லை, உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் எழுதிக் கொடுங்கள். 1965-க்குப் பிறகு நம் ஊரில் நகராட்சித் தேர்தல் கிடையாது, நகர நிர்வாகத்தை ஓட்டால் தட்டிக் கேட்க முடியாது, அதனால் எழுதிக் கொடுப்பதும் கூட்டத்தில் பதிவு செய்வதும் நமக்கு இருக்கும் வழி. தம்பியைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை.

தம்பியை மறுபடி உள்ளே அனுப்பிவிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தின் ஓரத்தில் அந்த எண்ணம் தெரிகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் கட்டாயத் தடுப்பு மையத்திலிருந்து வந்தவர்களையும் தானாக வந்து மெத்தடோன் சிகிச்சை பெற்றவர்களையும் ஒப்பிட்டு 2017-ல் ஒரு ஆய்வு வெளியானது. முதல் வகையினரில் பாதிப் பேர் 31 நாளுக்குள் மறுபடி ஹெராயினைத் தொட்டுவிட்டார்கள், இரண்டாம் வகையினரில் பாதிப் பேர் தொட 352 நாள் ஆனது. தானாக வரும் கதவு ஏஏடிகேயிலும் இருக்கிறது, சுகரேலா (தானாக முன்வருவது) என்று கேளுங்கள். அதற்கு முன், பக்கத்து கிளினிக் கெசிஹத்தானில் (அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில்) அவரை உட்கார வையுங்கள், பதிவுக்கு ஒரு வெள்ளி. கண்காணிப்பு அதிகாரியிடம் சிகிச்சையில் சேர்ந்ததைச் சொல்லிவிடுங்கள், மெத்தடோன் பதிவு அட்டை கையில் இருக்கட்டும்.

மெத்தடோனும் விளையாட்டு மருந்து இல்லை. குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகத்தான் ஏற்றுவார்கள், முதல் 2 வாரம் அவருக்குப் போதவில்லை என்று தோன்றும், அப்போது மேலே ஹெராயினோ மாத்திரையோ சேர்த்தால் ஆபத்து. தொடர்ந்து சில நாள் தவறவிட்டால் பழைய அளவுக்குத் திரும்பக் கூடாது, கிளினிக்கில் கேட்க வேண்டும். பின்னால் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் பூட்டி வையுங்கள், ஒரு குழந்தைக்கு ஒரு வாய் போதும் உயிர் போக. எவ்வளவு காலம் குடிக்க வேண்டும் என்றால், சிலருக்கு ஆண்டுக்கணக்கில். நீரிழிவுக்கு மாத்திரை போடுகிற அம்மாவிடம் எப்போது நிறுத்துவீர்கள் என்று நாம் நெருக்குவதில்லை, இவரையும் நெருக்காதீர்கள். அதே தடவையில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி சோதனையும் எடுக்கச் சொல்லுங்கள், ஹெபடைடிஸ் சி இன்று அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரையால் குணமாகிற நோய்.

கல்யாணம் வேண்டாம், இப்போது வேண்டாம். அம்மாவின் ஆசை புரிகிறது, ஆனால் வரப்போகும் பெண்ணுக்கு மருத்துவர் வேலையையும் காவல்காரர் வேலையையும் கொடுத்து வீட்டுக்குள் அழைப்பது அவளுக்குச் செய்யும் அநியாயம். அவர் நிலையாகி, வேலைக்குப் போய், பெண் வீட்டாரிடம் எல்லாவற்றையும் அவரே வாய் திறந்து சொல்லும் நாள் வரட்டும்.

கடைசியாக வீட்டு விஷயம். குளியலறைத் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இந்த வாரமே மாற்றுங்கள். அவரிடம் உட்கார்ந்து, 'எடுக்காதேன்னு சொல்ல வரலைடா, எடுத்தாலும் தனியா எடுக்காதே, கதவைப் பூட்டாதே' என்று ஒரு தடவை சொல்லுங்கள். இது அனுமதி கொடுப்பதாக அம்மாவுக்குத் தோன்றும், நான் இப்படிச் சொல்லச் சொன்னதாகச் சொல்லிக்கொள்ளுங்கள். உங்களுக்கே தாங்க முடியாத இரவு வந்தால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555-இல் பேசலாம். அப்புறம் அம்மாவுக்கும் மூச்சு கொடுக்கக் கற்றுக் கொடுங்கள், மலேசியச் செம்பிறைச் சங்கம் முதலுதவி வகுப்பு நடத்துகிறது, இரண்டு பேருமாகப் போய்விட்டு வாருங்கள். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் வீட்டில் இருக்கப்போவது அவர்தான்.